கொழுப்பை வெட்டிவிட்டால் போதுமா?

1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க செனட் குழு ஒன்று நாட்டு மக்களுக்கு ஓர் உணவு அறிவுரையை வெளியிட்டது. குழுவின் தலைவர் ஜார்ஜ் மெக்கவர்ன். நடுவயது ஆண்களை மாரடைப்பு கொத்துக் கொத்தாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. இறைச்சியைப் பற்றி அந்த அறிக்கை சொன்னது மிக எளிமையானது: இறைச்சியைக் குறையுங்கள், கோழியும் மீனும் கூடுதலாகச் சாப்பிடுங்கள். மாட்டுப்பண்ணைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மெக்கவர்னின் சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவே மாடு வளர்த்துப் பிழைக்கும் மாநிலம்தான். மறுபடி விசாரணைகள் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த வரி மாறியிருந்தது. விலங்குக் கொழுப்பைக் குறையுங்கள், நிறைவுற்ற கொழுப்பு குறைவாகச் சேரும்படி இறைச்சி, கோழி, மீனைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆகிவிட்டது.

எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்வி அத்தோடு ஓரமாகப் போயிற்று. எந்தத் துண்டை வாங்கலாம் என்ற கேள்வி மட்டும் நின்றது. இறைச்சித் தொழிலுக்கு இது வசதியான கேள்வி. அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்குத் தரம் பிரிப்பதே தசைக்குள் கொழுப்பு எவ்வளவு கோலம் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். கொழுப்பு ஏற ஏறத் தரமும் விலையும் ஏறும். 1987இல் அந்நாட்டு வேளாண்துறை, கொழுப்பு குறைந்த தரத்துக்கு அதுவரை இருந்த 'குட்' என்ற பெயரை 'செலக்ட்' என்று மாற்றியது. கொழுப்பு குறைந்த கறிக்கு மதிப்பு கூட்டவே அந்த மாற்றம். அந்நாட்டில் தலைக்கு இவ்வளவு என்ற மாட்டிறைச்சிக் கணக்கு 1976இல் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி ஆரோக்கியத்தின் அடையாளமானது.

அந்த அடையாளம் இன்று நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர் உப்பும் மிளகும் மட்டும் போட்டு அவித்த நெஞ்சுக்கறியை டப்பாவில் கொண்டுபோகிறார். மாரடைப்பு வந்து மீண்டவர் முட்டையின் மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். கறிக்கடையில் "கொழுப்பு இல்லாம வெட்டுங்க பாய்" என்ற குரல் ஞாயிறுதோறும் கேட்கிறது. இவர்கள் செய்வது சரிதானா? ஓரளவுக்குச் சரி. ஆனால் கொழுப்பு குறைவு என்பது ஓர் உணவைப் பற்றிய ஒரே ஒரு தகவல். அந்தப் புரதத்தோடு வேறு என்னென்ன வருகிறது, கொழுப்பு போன இடத்தில் தட்டில் எது வந்து உட்காருகிறது என்ற இரண்டும் தெரியாமல் அந்த ஒரு தகவலை வைத்து ஆரோக்கியத்தைக் கணிக்க முடியாது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொழுப்பைக் குறைக்கச் சொன்ன அறிவியல் பொய்யல்ல. ஐம்பது ஆண்டுகளாக நம்மை ஏமாற்றிவிட்டார்கள், வெண்ணெயை அள்ளிச் சாப்பிடுங்கள் என்று பேசுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களை நம்பிக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன். நம் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பை நிறையச் சாப்பிட்டால் அந்த ஏற்பிகள் குறைகின்றன. பிடிபடாத துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, ஒரு கட்டத்தில் தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. 2006இல் ஜோனதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் அதைவிட வலுவான ஒரு சான்றைக் கொண்டுவந்தார்கள். பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யாத கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. வாழ்நாள் முழுக்க எல்.டி.எல். குறைவாக இருந்ததன் பலன் அது.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துப் பார்த்த 15 ஆய்வுகளை 2020இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகத் தொகுத்தது. 56,000 பேருக்கு மேல் பங்கேற்றவை அவை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் மொத்தமாக 17 சதவீதம் குறைந்தன. இறப்பு எண்ணிக்கையில் மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆகவே நன்மை உண்டு, அளவான நன்மை.

ஆனால் இந்த ஆய்வுகள் பேசுவது நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி. எல்லாக் கொழுப்பையும் பற்றி அல்ல. கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் கொள்கைக்கு மூலவர் என்று சொல்லப்படும் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸின் ஆய்வே அப்படிச் சொல்லவில்லை. 1958இல் அவர் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரேக்கத்தின் கிரீட் தீவும் இருந்தது. அந்தத் தீவுக்காரர்கள் கலோரியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தே பெற்றார்கள், பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயாக. அவர்களிடையே மாரடைப்பு மிகக் குறைவு. ஏழு நாடுகளிலும் மாரடைப்பு உச்சத்தில் இருந்தது கிழக்குப் பின்லாந்தில். அங்கே ஓடியது பால் கொழுப்பும் வெண்ணெயும்.

இந்த வேறுபாடு மக்களிடம் வந்து சேரும்போது கரைந்துவிட்டது. கொழுப்பு என்றாலே பகை என்றானதும் உணவு நிறுவனங்கள் அந்த இடைவெளிக்குள் புகுந்தன. 1992இல் நபிஸ்கோ நிறுவனம் ஸ்நாக்வெல்ஸ் என்ற கொழுப்பில்லாத பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தது. கொழுப்பு போன இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பின. கடைகளில் அது தட்டுப்பாடாகும் அளவுக்கு விற்றது. மொத்தக் கொழுப்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2006இல் வந்தது. 50 முதல் 79 வயது வரையுள்ள 48,835 அமெரிக்கப் பெண்களை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கும் இடையே இதய நோயிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குப் பின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டு காரணத்தைத் தேடினார்கள். நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிறைவுறா கொழுப்போ முழுத்தானியமோ வந்தால் இதய நோய் குறைகிறது. தீட்டிய மாவும் சர்க்கரையும் வந்தால் எடுத்ததற்குப் பலனே இல்லை.

சரி, கோழித் துண்டுக்கு வருவோம். தோல் நீக்கிச் சமைத்த 100 கிராம் நெஞ்சுக்கறியில் ஏறத்தாழ 165 கலோரி, 31 கிராம் புரதம், மூன்றரை கிராம் கொழுப்பு. அதில் நிறைவுற்றது ஒரு கிராம். தோலோடு சாப்பிட்டால் 197 கலோரி, 30 கிராம் புரதம், எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பு. அதில் நிறைவுற்றது இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். அதாவது தோலை உரித்ததால் மிச்சமானது முப்பதே சொச்சம் கலோரி, ஒரு கிராமும் சொச்சமும் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயில் நாற்பது கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே கோழியைக் குழம்பு வைக்கும்போது ஆளுக்குக் கால் மூடித் தேங்காய் வேண்டாம், 25 கிராம் துருவல் அரைத்து ஊற்றினாலே போதும்: ஏழு கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு குழம்பில் சேர்ந்துவிடும். தோலில் இருந்ததைப்போல ஐந்தாறு மடங்கு. நெஞ்சுக்கறியை எலும்பில்லாமல் வாங்கி, மாவில் புரட்டி, எண்ணெயில் முக்கிப் பொரித்த சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேங்காயைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கறிக்கடையில் காட்டும் கறார் அடுப்படியில் தளர்ந்துவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். எல்.டி.எல். கூடுதலாக இருக்கும் ஒருவர் தோலை உரித்துவிட்டோம் என்ற நிம்மதியில் தேங்காய்ப்பால் குழம்பும் பாமாயில் பூரியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த அறிவுரையை அவருக்கு அரைகுறையாகச் சொன்னவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். நம் நியாயவிலைக் கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு பங்குக்கு மேல்.

வெள்ளாட்டுக் கறிக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க அறிவுரை எழுதப்பட்டது மக்காச்சோளம் தின்று கொழுத்த காளையை மனதில் வைத்து. அந்த மாட்டுக்குக் கொழுப்பு தசை இழைகளுக்கு ஊடே படரும். கத்தியால் வெட்டி எடுக்க முடியாது. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித் தேங்குகிறது. தசையில் அவ்வளவாக ஏறுவதில்லை. சமைத்த வெள்ளாட்டுத் தனிக்கறி 100 கிராமில் மூன்று கிராம் அளவுக்குத்தான் கொழுப்பு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறிக்கு நிகர். கொழுப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் இரண்டும் ஒன்றுதான். பல வீடுகளில் டாக்டர் மட்டன் கூடாது, சிக்கன் சாப்பிடலாம் என்றார் என்பார்கள். அப்படியானால் அந்த டாக்டரின் கவலைக்குக் கொழுப்பைத் தாண்டிய ஒரு காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது.

அந்தக் காரணம் கறியின் சிவப்பிலேயே இருக்கிறது. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தில் இரும்பைத் தாங்கிய ஹீம் என்ற மூலக்கூறு உண்டு. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் சிவப்பாக இருப்பது அதனால்தான். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த இரும்பு அருமருந்து. தாவர இரும்பைவிடச் சுலபமாகக் குடலில் ஏறும். அதே ஹீம் பெருங்குடலில் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகவும் குடல் உட்சுவர் சேதமாகவும் துணைபோகிறது. 2015 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிவியலாளர்களைக் கூட்டி இதை ஆராய்ந்தது. உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது என்று முதல் பிரிவில் வைத்தார்கள். சிவப்பு இறைச்சியை, உண்டாக்க வாய்ப்பு மிகுதி என்ற அடுத்த பிரிவில் வைத்தார்கள். பதப்படுத்திய இறைச்சி நாளொன்றுக்கு 50 கிராம் கூடினால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. முதல் பிரிவில் புகையிலையும் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று செய்திகள் வந்தன. அது தவறு. சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை.

கவனிக்க வேண்டியது இது: ஹீம் இருப்பது தசையில். கொழுப்பை வெட்டி எறிந்தால் அது போகாது. கறியைத் தீயில் வாட்டும்போது உண்டாகும் ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் என்ற நச்சுகளும் தசையில் உள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் கடும் சூட்டில் வினைபுரிவதால் வருபவை. கோழி நெஞ்சுக்கறியைக் கருக வாட்டினாலும் அவை வரும். கொழுப்பு தன் பங்குக்கு வேறொரு தீங்கைச் செய்கிறது: நெருப்பில் சொட்டிப் புகையாகி, பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்களாக மேலே கறியில் படிகிறது. குழம்பாகக் கொதிக்கவைத்துச் சமைக்கும் நம் வழக்கத்தில் இந்த இரண்டுமே குறைவு. தந்தூரி அடுப்பும் பார்பிக்யூவும் பெருகிவரும் நாளில் இதைச் சொல்லியாக வேண்டும்.

டி.எம்.ஏ.ஓ. என்ற வேதிப்பொருளின் கதையும் இதே மாதிரிதான். தசையில் கார்னிடின் என்ற பொருள் உண்டு, சிவப்புத் தசையில் அதிகம். குடல் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வெளியிடும் ஒரு வாயுவைக் கல்லீரல் டி.எம்.ஏ.ஓ.வாக மாற்றுகிறது. இதன் அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பும் கூடுதல் என்று கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஸ்டான்லி ஹேசன் குழு 2013இல் காட்டியது. பின்னர் நடந்த சோதனையில் ஒரு மாதம் சிவப்பு இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு இது சராசரியாக மூன்று மடங்கானது. நிறுத்திய ஒரு மாதத்தில் இறங்கியது. மீனிலும் டி.எம்.ஏ.ஓ. நேரடியாகவே நிறைய இருப்பதால், இதுதான் வில்லன் என்று முடிவுகட்டத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி. கார்னிடினும் கொழுப்போடு போகிற சரக்கு அல்ல.

கோழி தப்பித்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ரொனால்டு கிராஸ் குழுவினர் 113 ஆரோக்கியமானவர்களுக்கு நான்கு நான்கு வாரங்களாக மூன்று உணவு முறைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்: புரதம் ஒன்றில் சிவப்பு இறைச்சியிலிருந்து, ஒன்றில் கோழி, வான்கோழியிலிருந்து, ஒன்றில் இறைச்சியே இல்லாமல் பருப்பு, கொட்டை, சோயா முதலியவற்றிலிருந்து. ஒரு பிரிவினருக்கு நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டியும் இன்னொரு பிரிவினருக்குக் குறைத்தும் கொடுத்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் எல்.டி.எல். ஏறியது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு: கொழுப்பு அளவு ஒன்றாகவே இருந்தபோதும், சிவப்பு இறைச்சியும் கோழியும் தாவரப் புரதத்தைவிட எல்.டி.எல்.லை உயர்த்தின. இரண்டும் ஒரே அளவுக்கு. நான்கு வார ஆய்விலிருந்து மாரடைப்புக் கணக்கைச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் தட்டில் பருப்பு வருவதற்கும் கொழுப்பு நீக்கிய கோழி வருவதற்கும் ரத்தத்தில் வேறுபாடு தெரிகிறது.

இப்போது 'கொழுப்பு குறைந்தது' என்ற அடையாளச் சீட்டைத் திருப்பிப் பார்ப்போம். அமெரிக்காவில் ஓர் இறைச்சிப் பொட்டலத்தில் கொழுப்பு குறைந்தது என்று அச்சிட வேண்டுமானால் 100 கிராமில் மொத்தக் கொழுப்பு 10 கிராமுக்குக் கீழே, நிறைவுற்றது நாலரை கிராமுக்கு மேற்படாமல், கொலஸ்ட்ரால் 95 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். நைட்ரைட் போட்டுப் பதப்படுத்திய வான்கோழி ஹாம் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். முட்டைக்கு இதே தேர்வு வைத்தால் தோற்கும். பண்ணை சால்மன் மீனும் தோற்கும். வேர்க்கடலையும் பாதாமும் கிட்டவே வர முடியாது. லியோனில் முதல் பிரிவில் வைக்கப்பட்ட பண்டம் தேறுகிறது. இதயத்துக்கு நல்லது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் மீனும் கொட்டைகளும் தோற்கின்றன. அளவுகோலே போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வேர்க்கடலையில் பாதியளவு கொழுப்பு, கால்பங்கு புரதம். அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1992இல் வெளியானபோது, வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் கொட்டை வகைகள் தின்றவர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழ பாதியாக இருந்ததைக் கண்டார்கள். கொட்டை தின்பவர்கள் மற்ற விதத்திலும் ஒழுங்காக இருப்பவர்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் சோதனை அந்தச் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்தது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூடுதலாகக் கொடுக்கப்பட்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இதயப் பாதிப்புகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வந்த அந்தக் கட்டுரை, ஆட்களைப் பிரித்த முறையில் குறை தெரிந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி மீண்டும் வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை.

மீனில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். வேல்ஸில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களுக்கு மூன்று விதமான அறிவுரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989இல் வெளியானது. கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால் இரண்டு ஆண்டு இறப்பில் மாற்றம் இல்லை. கொழுப்பு மிகுந்த மீனை வாரம் இருமுறை தின்னச் சொன்னவர்களுக்கு இறப்பு 29 சதவீதம் குறைந்தது. அதே குழு நெஞ்சுவலி நோயாளிகளிடம் பின்னர் நடத்திய பெரிய ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை, ஆகவே மீனை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. இருந்தாலும் வாரம் இரண்டு வேளை மீன் என்ற பரிந்துரை இன்றும் நிற்கிறது. அந்த மீனில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 இருப்பதே அதன் கொழுப்பில்தான். இந்த விஷயத்தில் நம் கடற்கரைக்குக் கொடுப்பினை உண்டு. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் கூட்டம் முண்டியடிக்கையில், ஒமேகா-3 நிறைந்த மத்தியும் கானாங்கெளுத்தியும் கூடையில் மலிவாகக் கிடைக்கின்றன.

மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைப்பவர் எதை எடுத்து வைக்கிறார் என்று பார்க்கலாம். ஐம்பது கிராம் முட்டையில் வெள்ளைக் கருவில் மூன்றரை கிராம் புரதம். மஞ்சள் கருவில் இரண்டரை கிராமுக்கு மேல். வெள்ளையில் அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை, பெரும்பகுதி தண்ணீர். வைட்டமின் ஏ, டி, பி12, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், கண்ணின் விழித்திரையில் போய்ச் சேரும் லூட்டீன் எல்லாம் மஞ்சளில். கூடவே நாலரை கிராம் கொழுப்பு, 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். உணவில் உள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் சிறிதளவே ஏற்றும் என்பதால், நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று பல காலம் இருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-2020 பதிப்பில் கைவிட்டது. இலினாய் பல்கலைக்கழகத்தில் எடை தூக்கிய பின் பத்து இளைஞர்களுக்கு ஒருமுறை முழு முட்டையாகவும் ஒருமுறை வெள்ளைக் கருவாகவும் தலா 18 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் புரதம் உருவாகும் வேகம் முழு முட்டைக்குக் கூடுதலாக இருந்தது. சின்ன ஆய்வு, ஆனாலும் தசை வளர்க்கவே மஞ்சளைத் தள்ளுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை நம் சத்துணவுத் தட்டில் முழுதாகவே வைக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

கொழுப்பே இல்லாமல் புரதம் மட்டும் என்று கடைசி எல்லை வரைக்கும் போனால் என்ன ஆகும்? அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். வில்யால்மர் ஸ்டீபன்சன் வடதுருவப் பகுதியில் இனுயிட் மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். இறைச்சி மட்டுமே தின்று நலமாக இருக்க முடியும் என்று அவர் சொன்னதை நியூயார்க்கில் யாரும் நம்பவில்லை. 1928இல் பெல்வியூ மருத்துவமனையில் யூஜின் டுபாய் என்ற மருத்துவரின் கண்காணிப்பில், தன் பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனோடு அதைச் செய்துகாட்ட ஒப்புக்கொண்டார். ஆண்டர்சனுக்குக் கொழுப்போடு சேர்ந்த கறி கிடைத்தது. எந்தத் தொல்லையும் இல்லை. ஸ்டீபன்சனுக்கு மருத்துவர்கள் தொடக்கத்தில் கொழுப்பை முழுக்க நீக்கிய கறியைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டன. கொழுப்புக் கறியைச் சேர்த்ததும் இரண்டு நாளில் தேறிவிட்டார். குளிர்காலத்தில் முயலை மட்டும் வேட்டையாடித் தின்று நலிந்தவர்களின் கதைகள் வட கனடா வேட்டைக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தன. முயல் கறியில் கொழுப்பு அவ்வளவு குறைவு.

காரணம் கல்லீரலின் கொள்ளளவு. புரதத்தை எரிசக்தியாக மாற்றும்போது அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. கலோரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்தே வந்தால் பெரும்பாலோருக்கு அந்த வேகம் போதாது. சாதாரணச் சாப்பாட்டில் யாரும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. போட்டிக்கு முன் உடலை வற்றவைக்க நெஞ்சுக்கறி, வெள்ளைக் கரு, புரதப் பொடி என்று மட்டும் வாரக்கணக்கில் வாழ்பவர்கள் அதன் அருகே போகிறார்கள்.

கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, காய்கறியைப் பயனுள்ளதாக்கும் வேலை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீரை, தக்காளி, கேரட் கலந்த சாலட்டைக் கொழுப்பில்லாத சாஸோடு தின்றவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் கிட்டத்தட்ட ஏறவே இல்லை. எண்ணெய் சேர்த்த சாஸோடு தின்றபோது நன்றாக ஏறின. அவித்த நெஞ்சுக்கறி, எண்ணெய் படாத கீரை என்று தட்டு வைத்துக்கொள்பவர் அந்தக் கீரையின் பலனில் ஒரு பகுதியை இழக்கிறார். நல்லெண்ணெய் விட்டுத் தாளித்த கீரைக் கடைசல் இந்த விஷயத்தில் அதைவிட மேல்.

இவ்வளவும் சொன்ன பின்பும், நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் புரதத்தின் கொழுப்பு முதல் பிரச்சினையே அல்ல. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, பெரும்பாலும் தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரையிலிருந்து. புரதம் 12 சதவீதம்தான். மாவுச்சத்தில் ஐந்து சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு போன்ற தாவரப் புரதமோ பால் புரதமோ வந்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாக அவர்களின் கணிப்பு காட்டியது. சிவப்பு இறைச்சி வந்தால் அந்தப் பலன் தெரியவில்லை. குவித்துப் போட்ட சோற்றுக்கு நடுவே இரண்டு துண்டு கறி வைத்துக்கொண்டு, அந்தத் துண்டில் கொழுப்பு ஒட்டியிருக்கிறதா என்று கவலைப்படுவதைவிடச் சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையோ சுண்டலையோ மீனையோ ஒரு கரண்டி கூட்டுவது அதிகப் பயன் தரும். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். துவரம் பருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், கொழுப்போ ஒன்றிரண்டு சதவீதம்தான். கொழுப்பு குறைந்த புரதம் வேண்டும் என்பவர்களுக்கு விலை மலிந்த வழி அது. கொழுப்பு குறைவு என்பதோடு நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது. கறியில் அது கிடையாது.

கொழுப்பு நீக்கிய கறி யாருக்கு உண்மையிலேயே உதவும் என்றால், எல்.டி.எல். கூடியவர்களுக்கும் பரம்பரையாக அது உயர்ந்திருப்பவர்களுக்கும், அதுவும் வாரம் நான்கைந்து நாள் கறி சாப்பிடும் வீடாக இருந்தால், நிச்சயம் உதவும். எடையைக் குறைக்க வேண்டியவர்களுக்கும் உதவும். கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி, புரதம் நான்கு. வயிறு நிறைந்த உணர்வைப் புரதம் அதிக நேரம் தரும். பல் போன, பசி குறைந்த முதியவர்களுக்கு நேர்மாறு. சிறிய அளவில் அதிகச் சத்து உள்ளே போக வேண்டும் என்பதால் முழு முட்டையும் கொழுப்பு எடுக்காத பாலும் மத்தி மீனும் அவர்களுக்கு நல்லவை. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ நெடுங்காலமாக உள்ளவர்கள் புரதப் பொடி வாங்குவதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், கொழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எவ்வளவு புரதம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.